பாரிசில் இறங்காமல் ஒரு வழி

அன்று சிட்னியில், மகளின் கெல்லிவில் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம். என் மகள், மகளின் மாமியார், மருமகன், நான். மருமகனைக் கணக்கில் சேர்ப்பது சரியோ தெரியவில்லை. ஆள் மேசையில் இருந்தாலும் கண் முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடிய கிரிக்கெட்டில்தான் இருந்தது. என் கணவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. ஆக, ஐரோப்பாவை ரயிலிலும் கப்பலிலும் கடக்கிற அந்தப் பயணத்தைப் பற்றி என் காதில் முதன்முதலாக விழுந்த அன்று, அதைக் கேட்டு வயிறெரிய அங்கே இருந்தவள் நான் ஒருத்திதான்.

மரக்கறி ரோல்ஸ் செய்துகொண்டு போயிருந்தேன். சம்பந்தியம்மா தமிழ்நாட்டுக்காரர், மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டார். அதனால் அவர் வீட்டுக்கென்று தனியாக உருளைக்கிழங்கும் லீக்ஸும் வைத்துச் சுற்றுவேன். லிட்கமிலிருந்து ஸ்ட்ராத்ஃபீல்ட், அங்கிருந்து எப்பிங், எப்பிங்கிலிருந்து மெட்ரோ என்று வண்டி மாறி மாறி, மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, ஆறிவிடுமோ, எண்ணெய் கசியுமோ, மெட்ரோக் கதவு கையை நசித்துவிடுமோ என்று யோசித்தபடியே போய்ச் சேர்ந்தேன். நான் அப்படித்தான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். படித்தவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்தவுடன் விளங்கிக்கொள்கிறார்கள். நான் அதில் என்னென்ன பிழைக்கலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்துத்தான் விளங்கிக்கொள்வேன்.

உள்ளே போனபோது மேசையில் ஒரு பெரிய வரைபடம் விரித்திருந்தது. கடையில் வாங்கிய காகித வரைபடம். பக்கத்தில் மகளின் லாப்டொப். இரண்டு தலைகளும் அதற்குமேல் முட்டுகிற மாதிரிக் குனிந்திருந்தன.

"அத்தை, இங்க பாருங்க, இந்த ட்ரெயின் எடுத்தா ஒரே நாள்ல ஹாம்பர்க் போயிடலாம்" என்றாள் மகள்.

"ஆமா, ஆனா நடுவுல மாறணும் போலிருக்கே. எவ்வளவு நேரம் குடுத்திருக்கான்?"

"செவன் மினிட்ஸ்."

"போதும், போதும். பக்கத்துப் பிளாட்பாரமாத்தான் இருக்கும்."

நான் ரோல்ஸ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏழு நிமிடம் என்றதில் வந்த பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக நெஞ்சில் இறங்கியது வேறொன்று. என் மகள் இந்த நாட்டில் பிறந்தவள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுது அழுது போனவள். அவள் இப்போது மாமியாரோடு தமிழ் கதைக்கிறாள், அதுவும் அவர்களுடைய தமிழ். எங்கள் ஆட்கள் கட்டின பெடியனின் தாயை மாமி என்பார்கள். இவளுக்கு அத்தையாம். எனக்கு ஒரு 'ஓம்' சொல்ல வாய் வராதவளுக்கு, அங்கே 'ஆமா' எவ்வளவு லேசாக வருகிறது!

"வாங்க சம்பந்தியம்மா, உக்காருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார் சம்பந்தியம்மா. "உங்க பொண்ணு என்னை ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போறா."

விஷயம் இதுதான். மகள் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலையில் சேரும் இடையில் அவளுக்குச் சில வாரங்கள் கிடைத்திருந்தன. மருமகனுக்கு லீவு இல்லை. சம்பந்தியம்மாவின் தகப்பன் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சம்பந்தியம்மா பிறந்ததும் வளர்ந்ததும் ரயில்வே குவார்ட்டர்ஸில். புருஷன் போன பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை, ஒரு முழுக் கண்டத்தை ரயிலிலேயே கடந்து பார்ப்பது. லண்டன் வரைக்கும் விமானம். பிறகு சுரங்க ரயிலில் பாரிஸ். அங்கிருந்து ஜெர்மனி. ஜெர்மனியின் வடக்குத் துறைமுகத்தில் கப்பலேறி ஒஸ்லோ. ஒஸ்லோவிலிருந்து ரயிலில் சுவீடனின் ஸ்ரொக்கோம். அங்கே இன்னொரு கப்பல், சின்னச் சின்னத் தீவுகளுக்கு நடுவால் ஹெல்சிங்கிக்கு. சம்பந்தியம்மா அந்தக் கடைசிக் கோட்டை விரலால் இழுத்துக் காட்டும்போது அவருடைய குரலே மாறிவிட்டது. பென்சிலால் அதை இரண்டு தரம் அழுத்திக் கீறியிருந்தார்.

"எல்லா இடத்திலயும் ஹொட்டேல் புக் பண்ணப் போறம், அம்மா" என்றாள் மகள். "நியர் த ஸ்டேஷன். வெரி சேஃப்."

நான் கேட்காத கேள்விக்குப் பதில். நான் என்ன கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். பாரிசில் பிக்பொக்கற்காரர் இல்லையோ என்று கேட்டேன். ஏழு நிமிடத்தில் பெட்டியோடு படி ஏற முடியுமோ என்று கேட்டேன். கப்பல் கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்குமாமே என்றும் கேட்டேன். மருமகன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாமி, கப்பல் கவுந்துட்டா மூட்டைப்பூச்சியும் நம்மகூடத்தான் சாகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு மகள் கப்பல் விலையைப் பார்க்கத் தொடங்கினாள். பயணிகள் எத்தனை பேர் என்று கேட்கிற இடத்தில் ஒன்று என்று இருந்தது. பக்கத்திலிருந்த கூட்டல் அடையாளத்தை ஒரு தரம் தட்டினாள். இரண்டு. அவளுடைய விரல் அதே இடத்தில் கொஞ்சம் நின்றது. இன்னொரு தரம் தட்டுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் கீழே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டார்.

"இப்ப உமக்கு என்ன பிரச்சினை? அவையள் போறதோ, நீர் போகாததோ?"

"எனக்கென்ன பிரச்சினை? அந்த மனிசி பாவம், போகட்டும். வயசு போன நேரத்தில இவ்வளவு தூரம், அதுவும் கப்பலில..."

"இஞ்சேரும். அந்த மனிசி உமக்கு ரெண்டு வயசுதான் மூப்பு."

"நான் அதைச் சொல்லேல்ல."

"உமக்கு ஆசை எண்டால் கேளுமன். வாயைத் திறந்து, 'பிள்ளை, நானும் வாறன்' எண்டு ஒரு சொல்லு."

"நானா கேக்கிறதோ? பெத்தவளைப் பிள்ளையெல்லோ கேக்கோணும்?"

"அப்ப இருந்து புகையும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

புகைந்தேன்தான். நான் வேலை செய்வது வயோதிபர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில். சூடான விரிப்புகளை மடித்துக்கொண்டு நிற்கும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். இவர்கள் இரண்டு பேரும் ரயில் ஜன்னலோரம் எதிரெதிரே இருந்து கோப்பி குடிப்பது கண்முன் வரும். மகள் சின்னவளாக இருந்தபோது மலைப்பக்கம் ரயிலில் போவோம் என்று எத்தனை தரம் கேட்டிருப்பாள். ஓவர்டைம், காய்ச்சல், வழியில் தண்டவாளம் திருத்துகிறார்களாம் என்று ஒவ்வொரு தரமும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். இப்போது அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காத பிள்ளையை என்ன செய்வது?

எனக்கு வியாழக்கிழமை ஓய்வு. அடுத்த வியாழன் ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் பிடித்து ஒலிம்பிக் பார்க் துறைக்குப் போய் ஆற்றுப் படகில் ஏறினேன். நகரத்துச் சேர்க்குலர் கீ துறை வரைக்கும் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஊரில் ஒரு தரம் இருட்டில், வெளிச்சமில்லாத வள்ளத்தில், கடலேரியைக் கடந்தவள் நான். அதற்குப் பிறகு தண்ணீரில் மிதக்கிற எதிலும் காலை வைத்ததில்லை. சிட்னியில் இத்தனை வருடம் இருந்தும் இல்லை. அன்று பக்கத்தில் ஒரு சீனத்துப் பாட்டா காலுக்கிடையில் மரக்கறிப் பையை வைத்துக்கொண்டு நித்திரையாயிருந்தார். இவரே நித்திரை கொள்கிறார் என்றால் பெரிதாக ஒன்றும் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்த வியாழனும் போனேன். மூன்றாம் வியாழன், துறைமுகத்தைக் கடந்து மான்லிக்குப் போகிற கப்பலில் ஏறினேன். அதுதான் சோதனை. துறைமுக வாசலில், வெளிக்கடல் உள்ளே தள்ளுகிற இடத்தில், கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும். கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். மான்லியில் இறங்கி ஒரு வாங்குப் பலகையில் குந்தியிருந்து பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்தேன். ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போகிற சனத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பிப் போகலாம், அதற்கும் வழி உண்டு. ஆனால் திரும்பவும் கப்பலிலேயே போனேன். எதற்காக இப்படிப் பழகிக்கொள்கிறேன் என்று நேராகக் கேட்டிருந்தால் எனக்கே பதில் சொல்ல வந்திராது. ஒருவேளை கேட்டால், ஒருவேளை அந்த விரல் இன்னொரு தரம் தட்டினால், அப்போது பயம் என்று சொல்லக்கூடாது. அவ்வளவுதான்.

அவள் கேட்கவில்லை. வாரங்கள் போயின. வியாழக்கிழமைகளில் நான் மான்லி கப்பலில் போய் வந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் வரைபடத்தில் புதுப் பென்சில் கோடு. பாரிசில் எந்த ஹொட்டேல், ஒஸ்லோவில் எந்த ஹொட்டேல் என்று இரண்டு பேருக்கும் பேச்சு. நான் ரோல்ஸைச் சூடாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஒஸ்லோவில் இருக்கிற என் சின்னக்காவுக்குப் போன் எடுத்தேன். சும்மாதான் எடுத்தேன். சுகம் கேட்டேன், குளிர் கேட்டேன், அவவின் முழங்காலைக் கேட்டேன். கடைசியில் சொன்னேன்: "மகள் அங்காலை வாறாள். மாமியாரோட. ஹொட்டேலிலையாம் நிக்கினம்."

எங்கள் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று விளங்காது. சொந்தக்காரர் வீடு இருக்கிற ஊரில் ஹொட்டேலில் தங்குவது என்பது, அந்த வீட்டுக் கதவில் காறித் துப்பிவிட்டுப் போவதற்குச் சமம். "ஹொட்டேலிலையோ?" என்றா அக்கா. அந்த ஒரு சொல்லோடு போனை வைத்துவிட்டா.

அன்று பின்னேரத்துக்குள் அது சுவிசுக்குப் போய்விட்டது. அங்கே பேர்ன் நகரத்தில் என் கணவரின் தமையன், மகளுக்குப் பெரியப்பா. அங்கிருந்து பாரிசுக்கு, கணவரின் தம்பிக்கு, மகளுக்குச் சித்தப்பா. ஜெர்மனியில் என் ஒன்றுவிட்ட தம்பிக்கும் எட்டியது. எல்லோரும் மகளின் போனுக்கு அடித்தார்கள்.

அடுத்த ஞாயிறு நான் கெல்லிவில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றமுதலே மகள் தொடங்கிவிட்டாள்.

"அம்மா! ஹூ டிட் யூ டெல்?"

"ஏன், என்ன?"

"எவ்ரிபடி! பெரியப்பா இஸ் க்ரையிங்!"

பெரியப்பா அழுகிற ஆள் இல்லை. ஆனால் அவர் மகளிடம் சொன்னதைப் பிறகு அவளுடைய போனில் குரல் செய்தியாகக் கேட்டேன். "பிள்ளை, பெரியப்பா உயிரோட இருக்கேக்கை நீ ஹொட்டேலில நிக்கிறதெண்டால், எனக்குச் சொல்லாமலே வந்து போகலாம். சரி. வாறதெண்டால் முதல் என்னட்டை வா. தம்பியிட்டைப் போயிட்டு என்னட்டை வராதை." அதற்குக் கீழே சித்தப்பாவின் குரல்: "பிள்ளை, லண்டன் ரெயின் வந்து நிக்கிற ஸ்டேஷனுக்குப் பின்னாலதான் என்ர கடை. லா சப்பல். பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே வரலாம். சித்தி இப்பவே கணவாய் மீன் வாங்கிக் குளிர்ப்பெட்டியில போட்டிட்டா."

இங்கேதான் சிக்கல். சிக்கலை அந்த மேசையில் விளக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். பாரிஸ் தம்பியைச் சுவிஸ் தமையன்தான் காசு கட்டி நாட்டைவிட்டு வெளியே எடுத்துவிட்டவர். பிறகு கடை விஷயத்தில் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டு, பல வருடம் ஒரு கலியாண வீட்டில்கூட ஒரே வரிசையில் இருக்கவில்லை. இப்போதுதான் கதைக்கிறார்கள். இந்த நேரத்தில் பிள்ளை தம்பி வீட்டில் முதல் சாப்பிட்டுவிட்டுத் தமையன் வீட்டுக்குப் போனால், அந்தக் கதை திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும்.

"ஸோ, முதல்ல சுவிஸ் போறம். ஃபைன்" என்றாள் மகள். லாப்டொப்பில் தட்டினாள். முகம் வாடியது. "அம்மா, லண்டனிலிருந்து சுவிஸ் போறதே பாரிசாலதான். அதே ஸ்டேஷன்ல இறங்கி, ஊருக்குள்ளால போய் மற்ற ஸ்டேஷன்ல ஏறவேணும்."

"சித்தப்பாவின்ர கடைக்கு முன்னாலயோ?"

"பிஹைண்ட்."

"சொல்லாமப் போனா என்ன?" என்று மருமகன் கேட்டார். இந்தத் தரம் கிரிக்கெட் இல்லை. அவருக்கும் இது சுவாரசியமாகிவிட்டது. "தொப்பி, மாஸ்க், கண்ணாடி. டாக்சில ஏறிட்டாப் போச்சு."

"மருமோன், அது லா சப்பல். அங்க பத்தடிக்கு ஒரு தமிழாள். இவள் மாஸ்க்கைக் கழட்டித் தும்மினால் போதும், சித்தப்பாவுக்குப் படத்தோட போகும்."

சம்பந்தியம்மா கோபப்படுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், படவேண்டும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வாரமாகக் கீறிய கோடு! நான் ஒரு போன் எடுத்து அதைக் குழப்பிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைத்தான் கேட்டார். "சம்பந்தியம்மா, பெரியவர் வீடு முதல்ல. அப்புறம் தம்பி வீடு. ஜெர்மனில இருக்கிறவர் கோவிச்சுக்குவாரா?"

"அவன் எனக்குத் தம்பி முறை. கோவிக்கமாட்டான். கோவிச்சாலும் நான் பாத்துக்கொள்ளுவன்."

"அப்ப அவரைத் தாண்டிப் போகலாமா? போகும்போது இறங்காம, திரும்பி வரும்போது இறங்கலாம்?"

"ஓம், தாராளமா."

அவர் அழிறப்பரை எடுத்து லண்டனிலிருந்து பாரிசுக்கு இருந்த கோட்டை அழித்தார். "அப்ப பாரிஸ் பக்கமே போக வேண்டாம். லண்டன்லேருந்து கிழக்க ஒரு துறைமுகம் இருக்கு. அங்க கப்பல் ஏறினாக் காலையில ஹாலந்து. ஹாலந்துலேருந்து ரைன் நதி ஓரமாவே ட்ரெயின் கீழ இறங்கும். நேரா சுவிஸ். பெரியவர் வீடு. அங்கேருந்து மேல பாரிஸ், சின்னவர் வீடு. அப்புறம் ஜெர்மனி, வடக்க போயி மறுபடி கப்பல், ஒஸ்லோ, உங்க அக்கா வீடு. பாரிசுக்குப் பின்வாசல் வழியா வர்றோம். யாருக்கும் குறையில்ல."

மகள் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்குத் திரும்பவும் எரிந்தது. குழப்பியவள் நான், முறையைச் சொன்னவள் நான். பார்வை முழுக்க அவருக்கு.

பிறகு மகள் நாட்களைக் கூட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது மூன்று நாள் நிற்கவேண்டும், அதற்குக் குறைந்தால் வந்ததாகவே கணக்கில்லை என்று நான் சொல்லியிருந்தேன். ஒஸ்லோவோடு கைவசம் இருந்த வாரங்கள் முடிந்துவிட்டன. ஸ்ரொக்கோம் இல்லை. ஹெல்சிங்கி இல்லை. தீவுகளுக்கு நடுவால் போகிற கப்பலும் இல்லை.

"அத்தை, அது உங்க..." என்று மகள் இழுத்தாள்.

"ஒரு கப்பல் போச்சு, ஒரு கப்பல் வந்துச்சு. விடு" என்றார் சம்பந்தியம்மா. இரண்டு தரம் அழுத்திக் கீறிய கோடு என்பதால் அழிக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது. காகிதத்தில் அதன் தடம் அப்படியே இருந்தது. றப்பர்த் தூளை ஊதிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆனா ஒண்ணு. இத்தனை சொந்தக்காரங்க வீட்டுக்கு நான் எந்த முறையில போய் நிக்கிறது? கதவைத் திறந்தா நான் யாருன்னு யார் சொல்லுவா? இவளுக்கு யாரு பெரியப்பா யாரு மாமான்னே தெரியல. நீங்க வரணும்."

நான் மகளைப் பார்த்தேன். மாமியார் கேட்டுவிட்டார். மாமியார் கேட்டது எனக்குப் போதாது.

மகள் லாப்டொப்பைப் பார்த்தபடி, "அம்மா வோண்ட் கம்" என்றாள். "ரெண்டு கப்பல். ரெண்டிலையும் ராவு முழுக்க. அம்மாவுக்கு மான்லி கப்பலைப் பாத்தாலே பயம்."

கணவர் சொன்னது ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து ஒரு சொல். ரோல்ஸ் பெட்டியின் மூடியைத் திறந்து திரும்ப மூடினேன்.

"மான்லிக் கப்பலில ஏறினனான்" என்றேன்.

"எப்ப?"

"போன வியாழன். அதுக்கு முந்தின வியாழன். அதுக்கு முதல் ஆத்துப் படகில."

"யாரோட?"

"தனிய."

மருமகன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவளாக இருந்தபோது கடையில் என் கையை விட்டுத் தொலைந்து, பிறகு கண்டுபிடித்ததும் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். கோபம்தான் முதலில் வரும்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?"

தமிழில் கேட்டாள். எங்கள் தமிழில்.

"நீ கேக்கேல்ல."

"நீங்கள் வாறன் எண்டு ஒருநாளும் சொல்லேல்லயே! செவன் மினிட்ஸ் போதாது, கள்ளர், மூட்டைப்பூச்சி... அதுதானே சொன்னனீங்கள்? உங்களுக்கு விருப்பமில்லை எண்டு நினைச்சன்."

"விருப்பமில்லாட்டி ஏனடி ஏழு நிமிஷம் போதுமோ எண்டு கேக்கிறன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள்: "வழி முழுக்கக் கவலைப்படுவியள்."

"இஞ்சை இருந்தாலும் கவலைப்படுவன். இஞ்சை இருந்தால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா உனக்குப் போன் வரும். பக்கத்தில இருந்தால் அது மிச்சம்."

"ஓ மை கோட்" என்றாள். பிறகு லாப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தாள். பயணிகள் எத்தனை பேர் என்கிற இடத்தில் விரலை வைத்துத் தட்டினாள். மூன்று. "வாறியள்தானே? பிறகு மாத்தக்கூடாது. வாங்கோ அம்மா."

நான் "ஓம்" என்றேன். எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

திரும்பி வரும்போது கேபின் பிரச்சினை தொடங்கியிருந்தது. ஹாலந்துக் கப்பலில் இரண்டு கட்டில் அறை ஒன்றும், ஒற்றைக் கட்டில் அறை ஒன்றும் எடுக்கவேண்டும். அந்தத் திகதியில் மூன்று பேர் ஒன்றாகப் படுக்கிற அறை மிஞ்சவில்லை. நான் உடனே கணக்குப் போட்டேன். மகளோடு நான். அதுதானே முறை? சம்பந்தியம்மாவும் ஏதோ கணக்குப் போட்டிருக்கவேண்டும். "எனக்கு மேல் கட்டில் ஏற வராது, இவ இருந்தாப் பரவாயில்ல" என்றார். நான், "எனக்கும் ஏற வராது" என்றேன். மேல் கட்டிலில் ஏறுவதற்காகவே மகள் பிறந்த மாதிரி இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"நோ" என்றாள் மகள். "ரெண்டு அம்மாவும் ஒரு கேபின். நான் தனிய. ஐ நீட் டு ஸ்லீப்." அது தனித்தனிக் கட்டில்தான், மேல் கட்டில் இல்லை என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மருமகன் கையைத் தட்டினார்.

அன்று குசினியில் பாத்திரம் கழுவும்போது சம்பந்தியம்மா பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தார். திடீரென்று, "உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்றார்.

என்னைப் பார்த்தா?

"என்கிட்ட எல்லாத்துக்கும் ஆமா அத்தை, சரி அத்தை. ஒரு நாள் கத்தினதில்ல. உங்ககிட்ட வாசல்லயே சண்டை புடிக்கிறா. நான் இந்த வீட்ல அவகூடவே இருக்கேன், எனக்கு இன்னும் அந்தச் சண்டை கிடைக்கல."

"பொறுங்கோ, கிடைக்கும்" என்றேன். சிரித்தார். எனக்கு அதைக் கேட்டு முழுக்க ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் அவள் 'அத்தை' என்று கூப்பிடும்போது காது அந்தப் பக்கம் போகத்தான் செய்கிறது. வழி விஷயத்தில் மகள் சம்பந்தியம்மாவின் பென்சில் கோட்டைத்தான் நம்புகிறாள். யார் வீட்டில் எத்தனை நாள், யாருக்கு இங்கிருந்து எந்த விற்றமின் டப்பா கொண்டுபோவது என்பதற்கு மட்டும்தான் என்னைக் கேட்கிறாள். ஆனால் கேட்கிறாள்.

விமானச் சீட்டை என் சேமிப்பில் எடுத்தேன். ரயிலும் கப்பலும் மூன்று பேருக்கும் ஒன்றாகவே எடுக்கவேண்டியிருந்ததால் சம்பந்தியம்மாவின் கார்டில் போனது. மகள் என் பங்கைத் தான் கட்டுகிறேன் என்றாள். நான் விடவில்லை. கணவர், "முழுக்க ஒரேயடியாக் குடுத்துத் துலையுமன், வங்கியில கிடக்குத்தானே" என்றார். அதையும் செய்யவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒவ்வொரு ஞாயிறும் ரோல்ஸ் பெட்டியோடு ஒரு கவரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சம்பந்தியம்மா வங்கியில் வேலை பார்த்தவர்; வேண்டாம், இருக்கட்டும் என்றெல்லாம் சொல்லாமல், என் கண்முன்னாலேயே விரலை நனைத்து இரண்டு தரம் எண்ணி வாங்கிக்கொள்வார். அது எனக்குப் பிடித்திருக்கிறது. எண்ணி முடிந்ததும் வரைபடத்தை விரிப்பார். மகள் லாப்டொப்பைக் கொண்டுவருவாள். கடன் இருக்கிறவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மேசைக்குப் போக எனக்கு வேறு காரணம் தேவையில்லை. இன்னும் கொடுக்கவேண்டியது எண்ணூற்று நாற்பது டொலர்.